எட்டரை மணி ஏலம்

காசிமேட்டில் அங்கம்மாவுக்கு யாரும் மைக் கொடுத்ததில்லை. தேவைப்பட்டதும் இல்லை. ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடும், இன்னொரு பக்கம் டீசல் இன்ஜின் இரையும், நடுவில் நூறு பெண்கள் ஒரே நேரத்தில் பேரம் பேசுவார்கள். அத்தனைக்கும் மேலே போய் அவள் குரல் நிற்கும். “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று அவள் நிறுத்தினால் கடைசி வரிசையில் வெற்றிலை மெல்லுகிறவள்கூட வாயை நிறுத்திவிடுவாள். ‘மூணு தரம்’ விழுந்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வரும்.

மீன் ஏலம் விடுகிற வேலைக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அங்கே ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கத்தியே தீருவேன் என்று கத்தினார். வெறும் காற்றுதான் வந்தது. குவித்த மீன் வெயிலில் கிடந்தது. கூடையோடு வாங்க வந்திருந்த அங்கம்மா பார்த்துப் பார்த்து, “நவுரு நைனா, நீயும் பேச மாட்ட, மீனும் பேசாது. அப்பால யாருதான் பேசறது?” என்று முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு வெளியே விட்ட குரலை இன்றுவரை உள்ளே இழுக்கவில்லை என்பது அவள் புருஷன் தண்டபாணியின் குறை.

தண்டபாணி விசைப்படகு ஓட்டுகிறவன். மூத்த மகன் டில்லிபாபுவும் அதே படகில் போகிறான். அவன் முதன்முதலாக மீசை மழித்த வருஷத்தில் அங்கம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்து அரசு மருத்துவமனைக்குப் போனாள். முப்பத்தொன்பது வயதில் கர்ப்பம் என்று சொல்லி அனுப்பினார்கள். குப்பத்தில் சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவள் வேளாவேளைக்கு மாத்திரை தின்றாள், மாதாமாதம் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டாள், எட்டாம் மாதம்வரை ஏலம் விட்டாள். சுகப்பிரசவம், இரண்டே முக்கால் கிலோ. பெண். பெயர் ஷாலு.

அந்த ஷாலுவுக்கு இப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. பிரச்சினை வகுப்பில் இல்லை, வழியில் இருந்தது.

திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருக்கிறது அவர்கள் குப்பம். பள்ளிக்கூடம் எண்ணூர் சாலைக்கு அந்தப் பக்கம். வீட்டு வாசலில் நின்றால் பள்ளி மணி காதில் விழும், அவ்வளவு பக்கம். ஆனால் நடுவே இருப்பது துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் சாலை. குப்பத்துப் பக்கமாகத் துறைமுகம் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும். நிற்கிற லாரி என்ன செய்துவிடும் என்று பிள்ளைகள் இரண்டு லாரிக்கு நடுவே நுழைந்து போவார்கள். அவசரம் என்றால் குனிந்து லாரிக்கு அடியிலேயே போவார்கள்.

மார்ச் மாதம் ஒருநாள் ஷாலு அப்படித்தான் போனாள். கையிலிருந்த சோற்று டப்பா உருண்டது. எடுக்கத் திரும்பினாள். அதற்குள் லாரி இரண்டடி நகர்ந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் நசுங்கிய டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “பாரும்மா, தோசக்கல்லு மாதிரி ஆயிட்ச்சு!” என்று பெருமையாகக் காட்டினாள். தண்டபாணி அதை வாங்கிப் பார்த்தான். பிறகு சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்தான். 

பேசியது அவன் தங்கை செங்கொடி. அவர்கள் அப்பா துறைமுகத் தொழிற்சங்கத்துக்காரர். மகனுக்குச் சாமி பெயர் வைத்தது மனைவி. மகளுக்குக் கொடியின் பெயர் வைத்தது அவர். செங்கொடி மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்கு எதிரிலேயே பள்ளிக்கூடம்.

“எங்கிட்ட வுடு அண்ணா. வாசல்ல நின்னு பாத்தாலே வகுப்பு தெரியும். சனி, ஞாயிறு இங்க இட்டாரேன்,” என்றாள்.

“வாரத்துக்கு ரெண்டு நாளு பாக்கறதுக்கா பெத்தேன்?” என்றாள் அங்கம்மா.

“சொவத்துல டப்பா மாட்டிக் கீதே, அதுக்குப் பக்கத்துல போட்டோ மாட்ட சொல்றியா?” என்று கேட்டான் தண்டபாணி. அங்கம்மா ஷாலுவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முடிவு எடுக்காமலே பேச்சு நின்றது.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஆண்கள் எல்லாரும் கரையில் வலை தைத்துக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தார்கள். ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது என்றதும் தண்டபாணிக்கு ஒரு யோசனை வந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒரு கயிறு. கயிற்றில் முழத்துக்கு ஒன்றாக ஆரஞ்சு நிற வலை மிதவைகளைக் கோத்தான். பிள்ளைக்கு ஒரு மிதவை. பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் சிதற மாட்டார்கள்.

நல்ல யோசனைதான். அங்கம்மாவே சொன்னாள். அங்கம்மா நல்லது என்று சொன்னதில் அவனுக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

பள்ளி திறந்த அன்று காலை ஆண்கள் சாலை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். நிற்கிற லாரிகளைத் தாண்டியாயிற்று. ஓடுகிற வண்டிகளுக்குக் கை காட்டியாயிற்று. பிள்ளைகள் மிதவையைப் பிடித்தாயிற்று. “போலாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையில் கயிறு இருந்தது, தோளோடு தோளாகப் பத்து ஆண்கள் இருந்தார்கள். தண்டபாணியின் வாயில் தானாக வந்தது:

“ஐலசா!”

குப்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். கரைவலை இழுக்கும்போது அம்மா, அப்பாவோடு நின்று கயிறு பிடித்தவர்கள் அவர்கள். ஐலசா என்றால் இழு. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழு. இழுத்தார்கள். முன்னால் நின்ற செங்குட்டுவன் ஐந்தாம் வகுப்பு, உடம்பும் ஐந்தாள் உடம்பு. அவன் இழுத்த இழுப்பில் கயிறு முழுக்கச் சாலைக்குள் பாய்ந்தது. பின்னால் இருந்த சின்னதுகள் காற்றாடி வால் மாதிரி ஆடின. ஷாலு முழங்காலில் விழுந்து, மிதவையை விடாமல், தரையோடு தரையாகப் போனாள். நடுவிலே ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. பைக்காரரின் டிபன் திறந்து எலுமிச்சம் சாதம் சாலை முழுக்க இறைந்தது.

பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, “ஏ! வந்துட்டோம்!” என்று குதித்தன. சேதம் என்று பார்த்தால் ஷாலுவின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு, ஒரு வேளை எலுமிச்சம் சாதம். அங்கம்மா சிராய்ப்பைத் தண்ணீரில் கழுவினாள். மஞ்சள், கிஞ்சள் எதையும் அப்பவில்லை. சுத்தமான துணியால் ஒற்றிவிட்டு வகுப்புக்கு அனுப்பினாள்.

தண்டபாணி மட்டும் கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டான்.

“போதும்மே. இவ மீஞ்சூருக்கே போட்டும்.”

“கயிறு தப்பு இல்லய்யா. நீ கூவுனதுதான் தப்பு.”

“நா கூவுனேன், கூவலன்னுலாம் வாணாம். பதினஞ்சாந் தேதி நாங்க கடலுக்குப் போறோம். அப்பால யாரு கீறா இங்க, கயிறு புடிக்க?”

உண்மைதான். கரையில் ஆள் இருக்கிற காலத்தில் யோசனை செய்தவனுக்கு, ஆள் இல்லாத காலம் பத்து மாதம் என்பது அப்போதுதான் உறைத்தது. 

“நீ மொத தபா கடலுக்குப் போய் திரும்பி வர வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தப்புனாலும் உன் தங்கச்சி வந்து இட்டுனு போட்டும். நா வாயத் தொறக்க மாட்டேன்.”

“நீயா? வாயத் தொறக்க மாட்ட?”

“மாட்டேன்யா.”

அதைக் கேட்டுத்தான் அவன் ஒத்துக்கொண்டான். அப்படி ஒரு பந்தயம் அவனுக்கு வாழ்நாளில் இன்னொரு முறை கிடைக்காது.

மறுநாளிலிருந்து மூன்று நாள், ஆண்கள் பிள்ளைகளை இரண்டிரண்டாகக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கம்மா சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த தேவகிருபையின் கடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தேவகிருபை தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் எபினேசர் தண்டையார்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருக்கிறார். இவள் இங்கே டீ, பிஸ்கட், வாழைப்பழம், லாரிக்காரர்களுக்கு ரீசார்ஜ். மெதுவாகப் பேசுகிறவள். பாக்கி சில்லறையைக்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் கொடுப்பாள்.

“என்னக்கா, மூணு நாளா ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கிய? யாரும் வரணுமா?”

“எவன் வரான்னுதான் பாக்கறேன்.”

பார்த்ததில் அங்கம்மாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நிற்கிற லாரியைவிட மோசமானது அது மறைக்கிற இடம். லாரியைத் தாண்டியதும் சாலை காலி என்று பிள்ளை ஓடும். லாரிக்கு மறுபுறமிருந்து பைக் ஒன்று அதே நேரம் வரும். பிள்ளைக்குப் பைக் தெரியாது, பைக்குக்குப் பிள்ளை தெரியாது.

இன்னொன்றை அவளுக்குக் காட்டியது திருமலை என்கிற டிரைவர். திருச்செங்கோட்டுக்காரன். தேவகிருபையின் கடையில் தினம் டீ குடிக்கிறவன்.

“ஏனுங்க்கா, எங்களையே மொறச்சுப் பாக்கறீங்க? ஒருக்கா மேல ஏறித்தான் பாருங்களேன்.”

பள்ளி விட்டு வந்திருந்த ஷாலுவைக் கீழே நிறுத்திவிட்டு, அங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று படி ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து கடலே தெரிந்தது. ராயபுரம் பக்கம் நிற்கிற கிரேன் தெரிந்தது. கீழே தேவகிருபை கையை ஆட்டுவது தெரிந்தது.

“ஷோக்காத்தான் கீது,” என்றாள். “ஷாலு எங்க? இங்கதான நின்னுகினு இருந்தா?”

“உங்க முன்னாடிதானுங்க நிக்கறா.”

அங்கம்மா எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். இல்லை. “ஷாலூ!” என்று ஒரு சத்தம் போட்டாள். வண்டியின் மூக்குக்கு அடியிலிருந்து, “இன்னாம்மா?” என்று பதில் வந்தது. பதில் வந்ததே தவிர, பிள்ளையின் உச்சி முடிகூடத் தெரியவில்லை.

அங்கம்மா கீழே இறங்கினாள். உட்கார்ந்து ஒரு டீயைச் சர்க்கரை போட்டுக் குடித்தாள். இத்தனை நாள் டிரைவர்களைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றிரண்டை மட்டும் மனதுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள். மற்றவை அவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தன.

வீட்டுக்குப் போய்த் தண்டபாணியிடம் சொன்னாள். அவன் வலை தைத்துக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு, “அதான? கடல்ல வலை உட்டா கப்பல்காரனுக்குத் தெரியுமா? அதுக்குத்தான கொடிக்கம்பு நடறோம்,” என்றான். கடலில் வலை கிடக்கிற இடத்தில், மிதவையில் மூங்கில் நட்டு உச்சியில் துணி கட்டி விடுவார்கள். கப்பலில் இருக்கிறவனுக்கு வலை தெரியாது, துணி தெரியும். சொல்லி முடித்த பிறகு அவன் கையில் ஊசி நின்றது. புருஷனும் பொண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“பந்தயத்துல நா உனக்கு ஹெல்ப் பண்ணக் கூடாது,” என்றான்.

“நீ எங்க பண்ண? வாய் தவறிச் சொன்ன. கம்பு ரெண்டு எடு.”

இரண்டு மூங்கில், பத்தடி உயரம், உச்சியில் டில்லிபாபுவின் பழைய மஞ்சள் சட்டையைக் கிழித்துக் கட்டினது. கயிற்றின் தலையில் ஒரு கம்பு, வாலில் ஒரு கம்பு. சின்னப் பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் இரண்டு முனையிலும். கயிற்றில் முடிச்சுப் போட்டு யார் கையையும் கட்டக் கூடாது. பிடித்தால் போதும், விட வேண்டிய நேரம் விட வேண்டும். புறப்படுமுன் எல்லாரும் ஒருமுறை கழிவறைக்குப் போய்வர வேண்டும், நடு ரோட்டில் எந்தப் பிள்ளைக்கும் அவசரம் வரக் கூடாது. செருப்பு வார் அறுந்ததோடு யாரும் வரக் கூடாது.

திருமலை தன் டிரைவர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டான்: எட்டரை மணிக்கு மஞ்சள் கொடி நிற்கிற இடத்தில் ஒரு லாரி நீளம் இடம் விட்டு நிறுத்தவும். முதல்நாள் பாதிப்பேர் விட்டார்கள். மீதிப் பேருக்கு அங்கம்மா நேரில் விளக்கம் சொன்னாள். இரண்டாம் நாள் எல்லாரும் விட்டார்கள்.

மிச்சம் இருந்தது குரல். எதைச் சொல்லிப் பிள்ளைகளை நடத்துவது? ஐலசா ஆகாது. விசில் ஆகாது, லாரி ஹாரனில் அது கேட்காது. அங்கம்மாவுக்கு வேறென்ன தெரியும்?

“இங்க பாருங்கடா. ஒரு தரம்னா, மிதவய புடிச்சிகினு சும்மா நிக்கணும். ரெண்டு தரம்னா, லாரிக்கு அந்தாண்ட பைக் வருதான்னு தலய நீட்டாம கண்ணால பாக்கணும். மூணு தரம்னாதான் காலு எடுக்கணும். ஓடக் கூடாது, நடக்கணும். இன்னா?”

“ரெண்டு தரம் சொன்னப்போ எவனாச்சும் வெல ஏத்துனா?” என்று கேட்டான் செங்குட்டுவன். மீன் குடும்பத்துப் பிள்ளை, சந்தேகம் நியாயமானது.

“வெல ஏத்துனா திரும்ப ஒரு தரத்துலேந்து ஆரம்பிக்கணும். பைக் வந்தாலும் அதே மாதிரிதான். ஒண்ணுலேந்து.”

பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. இருபத்து மூன்று பேரும் பிறந்ததிலிருந்து கேட்கிற கணக்கு அது. ‘மூணு தரம்’ விழுகிறவரை எதுவும் முடிந்ததில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படியாகத் தினம் எட்டரைக்குத் திருவொற்றியூரில் ஓர் ஏலம் நடந்தது. அங்கம்மா முன்கொடியோடு நின்று குரல் கொடுப்பாள். வாலில் யாராவது ஒரு தாய். சாலை நடுவே இருக்கிற தடுப்பின் இடைவெளியில் தேவகிருபை நின்று, அந்தப் பாதிக்குக் கை காட்டுவாள். ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, “அக்கா, கிலோ எவ்ளோ?” என்று கத்துவார்கள். “உன் வூட்ல வைக்க எடம் பத்தாது, போடா!” என்பாள் அங்கம்மா. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கடக்கும்.

தேவகிருபைக்கு ஒரே ஒரு குறை. “எனக்குச் சத்தமே வர மாட்டேங்குக்கா. நீங்க இல்லாத அன்னைக்கு நான் என்ன செய்வேன்?”

“சர்ச்சுல பாடறல்ல?”

“அது பாட்டுல்லா!”

“அப்ப பாடு.”

ஜூன் பதினைந்து, ஞாயிறு. தடை முடிந்து படகுகள் போயின. தண்டபாணி கிளம்பும்போது சுவரில் இருந்த டப்பாவைக் காட்டி, “நாபகம் கீதா?” என்றான். அங்கம்மா தூக்குவாளியை அவன் கையில் திணித்தாள். திங்கள் தப்பவில்லை. செவ்வாய் தப்பவில்லை.

புதன்கிழமை முதல் படகுகள் திரும்பின. அப்போதுதான் அங்கம்மாவுக்குத் தன் கணக்கில் விட்ட ஓட்டை தெரிந்தது. ஆண்கள் இல்லாத நாட்களுக்கெல்லாம் ஏற்பாடு செய்தவள், படகு வருகிற நாளை மறந்துபோனாள். அறுபது நாளைக்குப் பிறகு முதல் மீன். குப்பத்தில் நடக்க முடிந்த பெண்கள் அத்தனை பேரும் விடிவதற்குள் கூடையோடு காசிமேட்டில் நின்றார்கள். வாலில் கொடி பிடிக்க வேண்டிய தாயும் அங்கேதான் நின்றாள். அங்கம்மாவைப் பார்த்ததும், “ஐயோ அக்கா, நீ இங்க கீறியே!” என்றாள்.

“நீயும் இங்கதான கீற!”

ஏழு மணிக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வஞ்சிரம், சங்கரா, இறால் என்று குவியல் மேல் குவியல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழே முக்கால் ஆனது. தேவகிருபைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. தண்டபாணி படகிலிருந்து இறங்கி, குளிக்காத தாடியோடு எதிரே வந்து நின்றான்.

“மே, நீ இங்க இன்னா பண்ற? அங்க யாரு?”

அங்கம்மா வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்கே பயம் வந்துவிட்டது.

“தங்கச்சி கொடிய இன்னிக்கு வரச் சொல்லிக் கீறேன்,” என்றான் மெதுவாக. “கரைக்கு வந்துகினு இருக்கும்போதே போன் பண்ணிட்டேன். நீ செயிச்சா சாப்ட்டுப் போவா, தோத்தா கூட்டிகினு போவான்னு.”

மிச்சம் இருந்தது கடைசிக் குவியல், அதுவும் தண்டபாணியின் படகுச் சங்கரா. அங்கம்மா அதன் முன் நின்று, முதலில் கை தூக்கியவளைப் பார்த்து, “ஒரு தரம் மூணு தரம், எடுத்துகினு போ!” என்று சொல்லிவிட்டு நடந்தாள். காசிமேட்டில் அப்படி ஓர் ஏலத்தை யாரும் பார்த்ததில்லை. வாங்கியவளே மலைத்து நின்றாள்.

காலி மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போகிற சின்ன லோடு வண்டி ஒன்றின் பின்னால் இருவரும் ஏறினார்கள். தண்டையார்பேட்டைவரை வண்டி பறந்தது. திருவொற்றியூருக்குள் நுழைந்து, குப்பத்துக்கு இன்னும் முந்நூறடி இருக்கும்போது நின்றது. முன்னால் ஒரு லாரி. அதற்கு முன்னால் இன்னொன்று. பேருந்து, ஆட்டோ, பைக், எல்லாம் அசையாமல் நின்றன. ஒரு ஹாரன் சத்தமும் இல்லை.

வடசென்னையில் வண்டிகள் நிற்பது புதிதல்ல. ஹாரன் அடிக்காமல் நிற்பது எப்போது என்று அங்கம்மாவுக்குத் தெரியும். யாராவது கீழே விழுந்து கிடக்கும்போது.

கைக்கடிகாரம் இல்லை. மணி என்ன என்று யாரையும் கேட்கவும் இல்லை. கீழே குதித்தாள். கையெல்லாம் மீன் செதில், காலில் ரப்பர் செருப்பு. லாரிகளின் பக்கமாக ஓடினாள். நாற்பத்தேழு வயதில் மீன் மார்க்கெட் ஈரத் தரையில்கூட ஓடாதவள். பின்னால் தண்டபாணி, “மே! மே!” என்று மூச்சிரைக்க வந்தான்.

இரண்டாவது லாரியைத் தாண்டும்போது அவளுக்குக் கேட்டது. மெல்லிய குரல். ஆனால் இழுத்து, ராகமாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்கிற மாதிரி:

“ஒ…ரு தர…ம்!”

அங்கம்மா நின்றாள்.

“ரெண்…டு தர…ம்!”

முன்னால் நின்ற லாரிக்கு மேலே, இரண்டு மஞ்சள் துணிகள் காற்றில் ஆடின. ஒன்று முன்னால். ஒன்று பின்னால்.

“ஏ ஹெல்மெட்டு! எங்க நுழையுற? ரெண்டு தரம்தான சொல்லிக் கீறாங்க? காது கேக்காது? ஒண்ணுலேந்து ஆரம்பிங்கம்மா!”

இது தேவகிருபையின் குரல் இல்லை. அங்கம்மா லாரியின் முன்பக்கம் வந்து பார்த்தாள். சாலை நடுத் தடுப்பின் இடைவெளியில் முன்கொடியைப் பிடித்துக்கொண்டு தேவகிருபை, கண்ணைப் பாதி மூடி, பாடிக்கொண்டிருந்தாள். கயிற்றில் இருபத்து மூன்று ஆரஞ்சு மிதவைகள், இருபத்து மூன்று கைகள். வாலில் மற்றொரு கொடி. அதைப் பிடித்துக்கொண்டு, தோளில் துணிப்பையோடு, ஒரு பைக்காரனை முறைத்துக்கொண்டு நின்றவள் மீஞ்சூர் செங்கொடி.

தேவகிருபை ஒன்றிலிருந்து மறுபடி பாடினாள். மூன்றாம் தரத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தாள். பிள்ளைகள் நடந்தன. ஓடவில்லை. நிற்கிற லாரி ஒவ்வொன்றிலிருந்தும் டிரைவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருமலை ஜன்னலில் தாளம் போட்டான். கடைசிப் பிள்ளையும் அந்தப் பக்கம் ஏறியதும் அவன் ஒரு ஹாரன் அடித்தான். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த எல்லாரும் சேர்ந்து அடித்தார்கள்.

ஷாலு அம்மாவைப் பார்த்துவிட்டாள். “அம்மா! ஆறு பைக்கு வந்துச்சும்மா! ஆறு தபா ஒண்ணுலேந்து!”

அங்கம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தேவகிருபை தண்ணீர் கொடுத்தாள். “போன் கடைக்குள்ள கெடந்துச்சுக்கா, எடுக்க முடியல. வாலுக்கு ஆளே இல்ல. இவங்க பஸ்ஸ விட்டு எறங்குனாங்க, ‘அக்கா, இதச் செத்தப் பிடிங்க’ன்னு குடுத்துட்டேன். யாருன்னே கேக்கல.”

“பிடிச்சவுடனே ஒருத்தன் உள்ள பூந்தான் அண்ணி,” என்றாள் செங்கொடி. முகமெல்லாம் வேர்வை, ஆனால் கண் பளபளத்தது. “உட்டேன் பாரு ஒண்ணு! இன்னா பேஜாரு புடிச்ச ரோடு இது! டெய்லி இப்டியா?”

“டெய்லி இப்டித்தான்.”

செங்கொடி தோளிலிருந்த பையைப் பார்த்தாள். ஷாலுவின் துணிகளை எடுத்துவைக்க அவள் கொண்டுவந்த காலிப்பை. அதை அண்ணன் பக்கம் நீட்டினாள்.

“அண்ணா, இதுல எனக்கு ரெண்டு கிலோ சங்கரா போடு. நா கெளம்பறேன்.”

“பொண்ண…?” என்றான் தண்டபாணி.

“எங்க ஊரு ஸ்கூலு எதுத்தாப்லதான் கீது. அங்க எவன் அவள பாத்து வண்டிய நிறுத்துவான்? எனக்கே ஒருத்தனும் நிறுத்த மாட்டான்.”

தண்டபாணி தாடியைச் சொறிந்தான். தோற்றவன் முகம் போலில்லை அது. பள்ளிக்கூட வாசலில் மிதவைக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போகிற பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு பொண்டாட்டியைப் பார்த்தான்.

“சங்கரா இல்லம்மா கொடி,” என்றான். “எல்லாத்தயும் ஒங்க அண்ணி ஒரு தரம், மூணு தரம்னு தள்ளி உட்டுட்டா. ரெண்டு தரம் சொல்லவேல்ல. ஏம்மே, என் மீனுன்னா மட்டும் ரெண்டு தரம் கெடையாதா?”

“மீனுக்கு இன்னாய்யா,” என்றாள் அங்கம்மா, தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்து. “அது ஏற்கெனவே செத்துப் போச்சு.”

சாயங்காலம் அவன் ஆணியிலிருந்து டப்பாவைக் கழற்றினான். தூக்கிப் போடத்தான் கழற்றினான். ஷாலு விடவில்லை. “செங்குட்டுவன்கிட்ட காட்டணும்பா, அவன் நம்பவே மாட்டேங்குறான்,” என்று பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் எட்டரைக்கு அதையும் தூக்கிக்கொண்டு, கயிற்றின் நடுவில், தன் மிதவையைப் பிடித்து நின்றாள்.

“ஒரு தரம்!” என்றாள் அங்கம்மா.